மணிக்கட்டின் ஒரு சுண்டல்
சாஃப்ட்பால் எனப்படும் மென்பந்தாட்டத்தில், பந்தெறிபவர் கையைக் காற்றாலைபோல் ஒரு முழு வட்டம் சுற்றி, 43 அடிக்கு அப்பால் நிற்கும் மட்டையாளரை நோக்கி இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விடும் ‘விண்ட்மில்’ முறையின் அழகு, வட்டம் முடியும் தறுவாயில் முன்கை இடுப்போரத்தை உரசிச் செல்ல, மணிக்கட்டு சாட்டைநுனிபோல் சுண்டிவிடும் அந்தக் கணத்தில்தான் இருக்கிறது. கிரிக்கெட்டில் ஊறிய பெங்களூருச் சிறுமிக்கு இதைக் கற்பிப்பவர், முழங்கையை விறைப்பாக வைக்கும் பழக்கத்தை முதலில் தளர்த்த வேண்டியிருப்பதால், வட்டத்தை ஒத்திவைத்து, ஒரு காலை மண்டியிட்டு மணிக்கட்டை மட்டும் சுண்டப் பழக்குவது நல்லது. பருத்த தசைதான் வேகம் தரும் என்று எண்ணுவோருக்கு, இளம்பிள்ளைவாதத்தால் மெலிந்த வலக்கையைக் கொண்டே 58 டெஸ்டுகளில் 242 விக்கெட்டுகளை வீழ்த்திய கர்நாடகத்துச் சுழற்பந்து வீச்சாளர் பி. எஸ். சந்திரசேகரைக் காட்டலாம்.