உரைவழி விளையாட்டும் தமிழ்த் தொடரமைதியும்

படமும் ஒலியும் இன்றிச் சொல்லே கருவியாக நடைபெறும் கணினி விளையாட்டு ஒன்று உண்டு. ஆடுவோன் நிற்கும் இடத்தை இயந்திரம் உரைநடையில் விவரிக்கும். அவன் ‘விளக்கை எடு’, ‘வடக்கே போ’ என ஏவலை எழுதுவான். அதற்கேற்பக் கதை நகரும். இத்தகைய விளையாட்டைப் பள்ளி மாணவரே இயற்றுமாறு பயிற்றுதலின் பயன் யாது என்பது ஆராயத்தக்கது.

இவ்வகையின் முன்னோடி, அமெரிக்கரான வில் குரோத்தர் 1976 அளவில் இயற்றிய ‘அட்வெஞ்சர்’ ஆகும். குகையாய்வில் ஈடுபாடுடைய அவர், கெண்டக்கி மாநிலத்து மாமத் குகையில் தாம் கண்ட வழிகளையே, தம் பெண்மக்கள் ஆடி மகிழுமாறு சொல்லில் அமைத்தார். 1977இல் டான் வூட்ஸ் அதனை விரித்தார். அறிந்த இடத்தைத் திட்பமாகச் சொல்லுதலே அதன் ஆற்றல். ஆகவே கொழும்பிலுள்ள கொம்பனித்தெருச் சிறுவன் ஒருவன் விளையாட்டு இயற்றப் புகின், காணாத கோட்டையையும் பூதத்தையும் நாட வேண்டுவதில்லை. புகையிரத நிலையமும் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும் பேரே வாவியும் அவனுக்குப் போதும். ‘அழகிய கோயில்’ என்று எழுதினால் ஆடுவோனுக்கு வழி தெரியாது. வாயில் எத்திசையில் உளது என்று சொல்லல் வேண்டும். கட்டுரைப் பயிற்சியில் மலிந்த வெற்றடைகள் இங்குத் தாமே உதிரும்.

இனி மொழியை நோக்குவோம். ஆங்கில ஏவல் வினையை முன்வைக்கும். ஆதலின் முதற்சொல்லை வினையாகவும் அடுத்ததைப் பொருளாகவும் கொள்ளுதல் எளிது. தமிழிலோ வினை இறுதியில் நிற்கும். பெயர் உருபேற்றுத் திரியும். ‘பெட்டியை எடு’, ‘பெட்டியிலிருந்து எடு’ என்பவற்றில் பெட்டி ஒன்றே, செயல் வேறு. இவ்வேறுபாட்டை இயந்திரத்துக்கு விதியாக வகுப்பவன் மாணவனே. ‘மரம்’ என்பது ‘மரத்தை’ என அத்துச்சாரியை பெறுதலை மறந்தானாயின், மரம் இருந்தும் இல்லையென இயந்திரம் மறுக்கும். தேர்வுக்காக மனனஞ்செய்த வேற்றுமையும் சாரியையும் இவ்வாறு கதையை நடத்தும் கருவிகள் ஆகின்றன.

இதற்குத் தமிழ்க் கருவியும் உண்டு. முத்து அண்ணாமலை 2009இல் கட்டுரைவழி அறிமுகஞ்செய்த ‘எழில்’ என்னும் நிரல்மொழி, நிபந்தனையை முன்னும் ‘ஆனால்’ என்பதைப் பின்னும் வைக்கிறது. இது தமிழ் மரபு. ஆயின் ‘பதிப்பி’ என்னும் ஏவல், பதிப்பிக்கப்படும் பொருளுக்கு முன்னே நிற்கிறது. இது ஆங்கில வைப்புமுறை. குறை சிறிதெனினும் பாடம் பெரிது: சொல் தமிழாதல் மட்டும் போதாது, தொடரும் தமிழாதல் வேண்டும்.

நிரலாக்கத்துக்கு நாளை ஆங்கிலமே வேண்டும், இன்று தமிழில் எதற்கு என்பார் உளர். ஆங்கிலம் வேண்டும் என்பது மெய்யே. எனினும் தன் மொழியின் அமைதியை விதியாக வகுக்கக் கற்றவன் பிறமொழியின் விதியையும் விரைந்து உணர்வான். அத்தெருவில் அவனோடு விளையாடும் சிங்களச் சிறுவனின் மொழியும் வினையை இறுதியில் வைப்பதே. இருவரும் கூடித் தீர்க்கத்தக்க சிக்கல் இது. எனவே இப்பயிற்சியைக் கணினி ஆசிரியரிடம் மட்டும் விடுதல் முறையன்று. இதில் முதற்கடன் மொழியாசிரியருக்கே உரியது.