கல்லினுள் தேரை

கல்லினுள் அடைபட்ட தேரைக்கும் இறைவன் உணவளிக்கின்றான் என்பது தமிழர் நாவில் நெடுங்காலம் பயின்றுவரும் கருத்து. தனிப்பாடலில் வருகிறது, பழமொழியாய் வழங்குகிறது, பாட்டியர் சொல்லும் கதையில் வளர்கிறது. இத்தீவுகளில் வாழும் நாம் அதனை மணவிழா வாழ்த்திலும் கேட்கிறோம், இரங்கற் கூட்டத்திலும் கேட்கிறோம். இரண்டிடத்தும் அது ஒரே பொருளைத் தருமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

முதலில் அவ்வுவமையையே நோக்குவோம். கன்னட நாட்டுப் பேலூரில் ஜகணாச்சாரி என்னும் சிற்பியைப் பற்றி ஒரு கதை உண்டு. அவர் வடித்த சிலையிற் குறையுண்டு என்றான் ஓர் இளைஞன். சிலை முழுதும் சந்தனம் பூசினர். எங்கும் உலர்ந்தது, உந்திப் பகுதியில் மட்டும் ஈரம் காயவில்லை. அங்கே உளியால் தட்ட, உள்ளிருந்து தேரை வெளிப்பட்டது. சிற்பி தம் வலக்கையை வெட்டிக்கொண்டார். இளைஞன் அவர் மகனே என்பது பின்னர்த் தெரிந்தது. அடியவர்க்கு அருளின் சான்றாகும் அதே தேரை, சிற்பிக்குக் கல்லின் குற்றமாயிற்று. இக்கதையை மேடையில் சொல்வோர் பலர் கையிழந்தவனை விட்டுவிட்டுத் தேரையை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர்.

இங்கிலாந்தில் வில்லியம் பக்லண்டு என்பார் இதனைச் சோதித்தே பார்த்தார். அவர் நிலவியல் அறிஞர். கிறித்தவ சமயகுருவும் ஆவார். 1825இல் 24 தேரைகளைக் கற்களிற் குடைந்த குழிகளில் அடைத்து மண்ணிற் புதைத்தார். ஓராண்டு கழித்துத் திறந்தபோது, இறுகிய மணற்கல்லில் இருந்தவை யாவும் இறந்திருந்தன. நுண்டுளைகளுள்ள சுண்ணாம்புக் கல்லில் இருந்தவற்றுள் சில உயிரோடிருந்தன. அவற்றை மீண்டும் அடைத்தார். அடுத்த ஆண்டு முடியுமுன் அவையும் மாண்டன. இதனால் பாடல் பொய்யாகிவிடுமா? பாடலாக அது பொய்யாவதில்லை. அதனைச் சாட்சியாகக் கூண்டிலேற்றினால் மட்டுமே அது தடுமாறுகிறது.

நம் அருகிலேயே பாரன் தீவு இருக்கிறது. 1787இல் அதன் தீக்கக்கல் ஏட்டில் பதிவாயிற்று. பின்னர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் உறங்கி, 1991இல் மீண்டும் குமுறியது. மனிதர் குடியில்லாத அச்சாம்பல் நிலத்தில் ஆடுகள் திரிகின்றன. அவை கடல்நீரையும் குடிப்பதாக ஆராய்ச்சியாளர் குறித்துள்ளனர். இதைக் கேட்டதும் படைத்தவன் பெருமையைப் பேசாதார் நம்மில் இல்லை. நாமும் வியக்கிறோம். ஆனால் அவ்வாடுகளின் முன்னோரை அங்கே கொண்டுபோய் விட்டவர் மனிதரே என்பதையும், தீ எழுந்த ஆண்டுகளில் அழிந்த உயிர்களையும் சேர்த்தே எண்ணவேண்டும். கோப்புகளிடையே நாள் கழிக்கும் எம்போன்றோர்க்கு ஒரு பழக்கம் உண்டு: ஒரு தாளை மட்டும் உருவிக் காட்டி வழக்கை முடிக்க வருவோரை நம்புவதில்லை.

2004 டிசம்பர் 26 அன்று கடல் எழுந்தது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய நம் மக்களும் அதில் அகப்பட்டனர். கச்சாலின் இழப்பு நாம் அறிந்ததே. விரித்துரைக்க மனம் வரவில்லை. பிழைத்த ஒருவர், தேரையைக் காப்பவன் என்னையும் காத்தான் என்றால், அது நன்றிச் சொல். அதனிற் குறைகாண யாருக்கும் உரிமையில்லை. அதே சொல்லை மேடையில் ஒருவர் நியாயமாக்கி உரைக்கும்போது, பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள். அவள் பிள்ளை தேரையினும் தாழ்ந்ததா என்னும் வினாவுக்கு அப்பாடலில் விடையில்லை.

தமிழின் பழைய மரபு இவ்விடத்தில் மிக்க எச்சரிக்கை உடையது. தொல்காப்பியம் காட்டுக்கும் மலைக்கும் வயலுக்கும் கடற்கரைக்கும் தெய்வம் வகுத்தது, பாலைக்கு வகுக்கவில்லை. கொடிய நிலத்துக்குக் கொற்றவை வழிபாட்டைச் சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியிற் காண்கிறோம். அவளும் குருதிப்பலி கொள்பவளேயன்றிச் சோறூட்டும் தாயல்லள். வள்ளுவரோ இன்னும் துணிந்தார். இரவச்சம் என்னும் அதிகாரத்தின் இரண்டாம் குறளில், பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால், உலகை அவ்வாறு இயற்றியவனும் அலைந்து கெடுக என்கிறார். இயற்றியவன் என்றது அரசனையே என்று பொருள்கொண்டு இக்குறளின் சூட்டைத் தணிக்க முயன்றோரும் உளர். நமக்கு அவ்வுரை உடன்பாடன்று. பரிமேலழகர் படைத்தவனையே கொண்டார். அதுவே சொல்லுக்கும் அதிகாரத்தின் சினத்துக்கும் பொருந்துகிறது. கடவுள் வாழ்த்துடன் நூலைத் தொடங்கியவரே இதையும் பாடினார். கடவுளை நம்பாதவன் அவனோடு ஏன் வழக்காடப் போகிறான்?

வாழ்த்தையடுத்து அவர் வைத்தது வான்சிறப்பு. தனிக்காரி அணையின் நீர்மட்டத்தைக் கோடைதோறும் பார்த்து ஏங்கும் நமக்கு அவ்வைப்புமுறையை விளக்க உரைகாரர் வேண்டியதில்லை. சந்தனம் காயாத இடத்து ஈரமே தேரையின் உயிர் என்பதைப் பேலூர்ச் சிற்பியின் மகனும் கண்டிருந்தான்.

அந்நிலநடுக்கத்தில் வட அந்தமான் உயர்ந்தது, தென்பகுதி தாழ்ந்தது. உயர்ந்த கரையில் அலை எட்டாமல் கண்டல் மரங்கள் பட்டுப்போயின. தாழ்ந்த சிப்பிகாட்டில் நெல்வயல்களுள் உவர்நீர் புகுந்து தங்கிற்று. உழவர் விட்டுவந்த அவ்வயல்களில் பின்னர்க் கண்டல் முளைத்தது. தாய்மரத்திற் காய் தொங்கும்போதே முளைவிட்டு, சேற்றில் விழுந்து வேர்பிடிக்கும் மரம் அது. மீனும் நண்டும் அதன் வேரடியில் வந்து சேர்கின்றன. நெல் விளைத்தவரோ நிலமிழந்து நிற்கிறார். இரண்டையும் ஒரே பாட்டில் வைத்துப் பாடிய தீவுக் கவிஞர் ஒருவரையும் நாம் இன்னும் படித்ததில்லை. மலர்தோறும் வரும் பக்திப் பாக்களில் தேரை மட்டும் தவறாது வருகிறது.