மொழிக்குடும்பமும் இனப்புனைவும்
மேற்காபிரிக்க ஃபுலா மொழியை 1912இல் காள் மைன்ஹொவ் 'ஹமித்திய' மொழிகளுள் அடக்கினார். கறுப்பின உழவரை வென்றடக்கிய வெண்ணிற மேய்ப்பரே ஹமித்தியர் என்னும் குடியேற்றவாதப் புனைவு அவ்வகைப்பாட்டின் அடித்தளமாயிருந்தது. ஜோசப் கிறீன்பேர்க் தமது 1963ஆம் ஆண்டு நூலில் தோல்நிறத்தையும் தொழிலையும் விலக்கி, சொல்லையும் இலக்கணத்தையுமே சான்றாகக் கொண்டார். அதன்படி ஃபுலா, அயல்மொழிகளான செரெர், வொலொவ் ஆகியவற்றுடன் மேற்கு அத்திலாந்திக் குழுவில் இடம்பெற்றது. எனினும் 1971இல் டேவிட் சப்பீர் கணக்கிட்டபோது அக்குழுவினுள் பொதுச் சொற்கள் மிகக் குறைவாகவே காணப்பட்டன. அதன் ஒருமைப்பாடு இன்றும் விவாதத்துக்குரியது. சான்றின்மேல் எழும் வகைப்பாடு இவ்வாறு திருத்தத்துக்கு இடந்தரும். இனப்புனைவு இடந்தராது.

சிங்களம் ஆரியக் குடும்பத்தது, தமிழ் திராவிடக் குடும்பத்தது என்பது மொழியியல் முடிபு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது குருதிவழிப் பிரிவினையாகத் திரிக்கப்பட்டமையைப் பேராதனை வரலாற்றாசிரியர் ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன 1979இல் எடுத்துக்காட்டினார். அதற்கு முந்திய கண்டி வரலாறும் இதற்குச் சான்று பகரும். பல்லேகலைக்கு அயலிலுள்ள குண்டசாலையில் மாளிகை அமைத்த நரேந்திரசிங்கனை அடுத்து, 1739இல் அவனுடைய பட்டத்தரசியின் சகோதரனான நாயக்க வம்சத்தவனே அரியணை ஏறினான். அவனது தென்னிந்தியப் பிறப்பு அதற்குத் தடையாகவில்லை.

ஆகவே, மொழிகளின் உறவை ஆராயும் நாம், அவ்வாய்வின் பெயரால் உழைக்கும் மக்களைப் பகைவராக்கும் கருத்தியலையும் அம்பலப்படுத்தக் கடமைப்பட்டுள்ளோம்.