அனுப்புநர் எனும் புனைவு: பழைய மின்னஞ்சல்களை முன்வைத்துச் சில கேள்விகள்

மறைந்துபோன தோழர் ஒருவரின் கடிதங்களைத் தொகுத்து நூலாக்குவது என்று நண்பர்கள் முடிவெடுத்தபோது அந்த வேலை என் தலையில் விழுந்தது. 1998 தொடங்கி 2004 வரை எங்கள் குழுவுக்குள் போய்வந்த மின்னஞ்சல்கள் என்னிடம்தான் இருக்கின்றன. 'காப்பாற்றி வைத்தேன்' என்று சொன்னால் பொய். சும்மா கெடந்துச்சு, அவ்வளவுதான். பழைய கணினி ஒன்றில் யுடோரா என்ற அஞ்சல் மென்பொருள் எனக்கு இன்றும் ஓடுகிறது. 'இன்னுமா இதை வச்சிருக்கே?' என்று கேட்காத ஆளில்லை.

1988இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் எழுதியது இது. குடும்பத்தோடு சண்டையிட்டுக்கொண்டு தபாலாபீசிலேயே குடியேறிவிடும் ஒரு பெண்ணைப் பற்றி யுடோரா வெல்ட்டி 1941இல் எழுதிய சிறுகதையின் நினைவாக வைத்த பெயர். பின்னர் இதன் வணிக விற்பனை நின்றது. 2018இல் கணினி வரலாற்று அருங்காட்சியகம் இதன் மூல நிரலை வெளியிட்டது. அதாவது நான் கடிதங்களை வைத்திருக்கும் பெட்டியே இப்போது ஓர் ஆவணம். ஆவணத்துக்குள் ஆவணம்.

இந்தப் பெட்டியின் உள்கட்டுமானம் கோட்பாட்டு ரீதியாகவே சுவாரசியமானது. கடிதங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நீண்ட எழுத்துக் கோப்பில் கிடக்கும். அவற்றின் அட்டவணை தனிக்கோப்பு. ஒரு கடிதத்தை நீக்கினால் அட்டவணைதான் முதலில் மறக்கிறது. அடியிலுள்ள கோப்பு மறப்பதில்லை. அஞ்சல் பெட்டியைச் 'சுருக்கு' என்று கட்டளையிடும்வரை அந்த வரிகள் அங்கேயே கிடக்கும். இணைப்புகளோ கடிதத்திலிருந்து பிரிக்கப்பட்டு வேறொரு அடைவில் போய் உட்காரும். அவை இருந்த இடத்தைச் சொல்லும் ஒற்றை வரி மட்டுமே கடிதத்தில் மிஞ்சும். வட்டு மாற்றும்போது அந்த அடைவை எடுக்க மறந்தது என் தப்பு. 'இத்துடன் இணைத்துள்ளேன்' என்ற வாக்கியங்கள் இருக்கின்றன, இணைத்தது இல்லை.

எழுத்துருவின் கதை தனி. ஒருங்குறி நம் கைக்கு வராத காலம் அது. மயிலை போன்ற எழுத்துருக்களில், ரோமன் எழுத்து உட்கார வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருந்தது. எழுத்துரு இல்லாமல் திறந்தால் தமிழ்க் கடிதம் ஆங்கிலக் கந்தல். எழுத்துருவோடு திறந்தால் ஆங்கில வரி தமிழ்க் கந்தல். ஆக, எழுத்துருவையும் சேர்த்துக் காக்காமல் கடிதத்தைக் காப்பதாகச் சொல்ல முடியாது. 'உள்ளடக்கம் இருந்தால் போதும், வடிவம் எதற்கு?' என்ற நம் பழைய இலக்கியச் சண்டைக்கு வட்டு சொல்லும் பதில் இது.

இங்கே இரண்டு விஷயங்களை நினைவுபடுத்த வேண்டும். முதலாவது, ஆவணம் குறித்து 1994 ஜூனில் லண்டனில் தெரிதா ஆற்றிய உரை. ஆவணக் காப்பகத்தைக் குறிக்கும் மேலைச் சொல்லின் வேர் அதிகாரிகளின் வீட்டைக் குறித்தது. எவரிடம் பத்திரங்கள் இருந்தனவோ அவரிடமே பொருள் சொல்லும் உரிமையும் இருந்தது என்று அவர் காட்டினார். மின்னஞ்சல் பொதுவெளி, தனிவெளி என்ற கோட்டையே மாற்றிவிடும் என்பதையும் அன்றே கவனித்தார்.

இரண்டாவது, அமெரிக்காவில் நடந்த வழக்கு. ஈரான்-கான்ட்ரா விவகாரம் வெடித்த 1986 நவம்பரில் ஆலிவர் நார்த்தும் பாயின்டெக்ஸ்டரும் தங்கள் மின்னஞ்சல்களை அழித்தார்கள். காப்பு நாடாக்களில் அவை தங்கிவிட்டன. ரீகனின் பதவிக்காலம் முடியும் தறுவாயில், 1989 ஜனவரியில், நாடாக்களைக் காக்கக் கோரி வழக்குப் போட்டார்கள். தாளில் அச்சிட்டு வைத்தால் போதும் என்றது அரசு. போதாது என்று 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. யார் அனுப்பியது, யார் யாருக்கு, எப்போது என்ற தகவல்கள் அச்சுப் பிரதியில் உதிர்ந்துவிடக்கூடும் என்பதுதான் காரணம். அதிகாரத்தைக் கணக்குக் கேட்க, கடிதத்தின் உடலைவிடத் தலைப்பகுதி முக்கியம்.

இதை முழுசாக ஏற்றுக்கொண்டுதான் நான் வேலையை ஆரம்பித்தேன். தலைப்பகுதியோடு சேர்த்து ஒவ்வொரு கடிதத்தையும் எடுத்துவைத்தேன். அங்கேதான் சிக்கல்.

எங்களில் மின்னஞ்சல் கணக்கு இருந்தது நாலைந்து பேருக்கு. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்ததே 1995 ஆகஸ்டில். கணினி யார் மேசையில் இருந்தது என்பது வர்க்கமும் சாதியும் தீர்மானித்த விஷயம். அந்தத் தோழருக்கு ஆபீசில் இணைப்பு இருந்தது. மற்றவர்கள் தாளில் எழுதிக் கொடுப்பார்கள், அவர் அடித்து அனுப்புவார். குழுவிலிருந்த தலித் அக்கா ஒருவர் அப்படிக் கொடுத்தவை பன்னிரண்டு. தாள்கள் எப்போதோ போய்விட்டன. பன்னிரண்டிலும் 'அனுப்புநர்' என்ற இடத்தில் தோழர் பெயர்தான்.

அச்சுப்படியை எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். 'இது நான் எழுதுனது. அவரு தமிழத் திருத்திட்டாரு. சரி, எம்பேரு எங்க தம்பி?' என்று கேட்டார்.

நண்பர்களிடம் சொன்னபோது ஒருவர் 'ஆதாரம்?' என்றார். நியாயமான கேள்விபோலத் தோன்றும். ஆனால் ஆதாரம் என்று எதைக் கேட்கிறோம்? இயந்திரம் பதிந்த பெயரை. இயந்திரம் பதிந்தது எழுதியவர் பெயரை அல்ல, இணைப்பு வைத்திருந்தவர் பெயரை. வெள்ளை மாளிகையில் உண்மையைக் காட்டிக்கொடுத்த அதே தலைப்பகுதி, எங்கள் சிறு குழுவில் உண்மையை மூடி வைத்திருக்கிறது. தோழர் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. திட்டமிடாமலே நடப்பதைத்தானே நாம் அமைப்பு என்கிறோம்?

அக்கா இரண்டு விஷயம் கேட்டார். ஒன்பது கடிதங்களில் தன் பெயர் வர வேண்டும். மிச்சம் மூன்றும் இருக்கவே கூடாது. அவை வீட்டு விஷயம், இன்னும் உயிரோடு இருப்பவர்கள் சம்பந்தப்பட்டவை.

எல்லாவற்றையும் காக்க வேண்டும் என்பவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். எனக்கும் இருந்தது. நார்த் அழித்ததைக் கண்டிக்கிற நான், இதை எப்படி அழிப்பேன்? யோசித்தபோது தெரிந்தது: கட்டளை ஒன்றுதான், அரசியல் வேறு. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அழிப்பது தப்பித்தல். யாருக்கும் கடமைப்படாத ஒருவர் தன் வாழ்வைத் திருப்பிக் கேட்பது உரிமை. இந்த வேறுபாட்டைப் பார்க்காத ஆவணப் பற்று, மறுபடியும் அதிகாரியின் வீட்டுக்கே நம்மைக் கொண்டுபோய் விடும்.

மூன்றையும் நீக்கினேன். அட்டவணை மறந்தது, கோப்பு மறக்கவில்லை. பிறகு 'சுருக்கு' கொடுத்தேன். நகல் வட்டுகளிலும் அப்படியே. ஒன்பது கடிதங்களின் தலைப்பகுதியை மாற்றவில்லை, அந்தப் பொய்யும் வரலாறுதான். பக்கத்தில் 'எழுதியவர்' என்று அக்கா பெயரையும், திருத்தியவர், அனுப்பியவர் என்று தோழர் பெயரையும் சேர்த்தேன்.

நூல் இனி 'தோழரின் கடிதங்கள்' என்ற பெயரில் வர முடியாது. நண்பர்கள் சிலருக்கு வருத்தம். இருக்கட்டும். அவரவர் வட்டுகளில் இருக்கும் பழைய கடிதங்களை அவர்களும் திறந்து, அனுப்புநர் பெயருக்குப் பின்னால் யார் என்று விசாரிக்கட்டும். சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும்.