கடல்மட்டமும் தொல்துறைமுகங்களும்: புகார், கொற்கை – ஒரு மறுநோக்கு

காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்னும் மணிமேகலைச் செய்தியைப் பனியூழி இறுதியில் நிகழ்ந்த கடல்மட்ட உயர்வோடு இணைத்துரைக்கும் போக்கு உண்டு. காலக்கணக்கிற்கு இவ்விணைப்பு ஒவ்வாது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் இன்றையதினும் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்த உலகக் கடல்மட்டம், ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்னரே இன்றைய நிலையை நெருங்கிவிட்டது. சங்ககாலப் புகாரோ அதற்கு ஏறக்குறைய 4,000 ஆண்டுகள் பிற்பட்டது.

களச்சான்றுகளும் ஒற்றைக் காரணத்திற்கு இடந்தரவில்லை. புகாரின் ஒரு பகுதியான கீழையூரில் அகழ்ந்து வெளிக்கொணரப்பட்ட செங்கற் படகுத்துறை நிலத்தினுள் மண்மூடிக் கிடந்தது. கடல் கொண்டதாகக் கூறப்படும் நகரின் துறையே வண்டலால் தூர்ந்திருக்கிறது. முத்துக்குளிப்பால் புகழ்பெற்ற கொற்கையும் தாமிரபரணியின் வண்டல் படிவால் கடலிலிருந்து சில கிலோமீட்டர் விலகி உள்நாட்டுச் சிற்றூராகிவிட்டது. கடல்மட்டம் மட்டுமே காரணமாயின், ஒரே கடற்கரையில் ஒருபால் நில இழப்பும் ஒருபால் நில ஆக்கமும் நிகழ்ந்திரா.

எனவே ஆற்று வண்டல், முகத்துவார இடமாற்றம், கரையரிப்பு ஆகியவற்றைத் துறைதோறும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். இந்திர விழாவை மறந்ததன் விளைவாகக் காப்பியம் கூறும் அழிவை நிலவியல் பதிவாகக் கொள்வது, காப்பியத்தின் அறநோக்கை மறைக்கும். கரையின் வரலாற்றையும் திரிக்கும்.