பழைய பிக்கப்பின் மூக்கைத் தூக்கலாமா?

சரக்கில்லாமல் நிற்கும் பிக்கப்பைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் முன்பக்கம் தாழ்ந்தும் பின்பக்கம் உயர்ந்தும் தெரியும். காரின் வடிவத்துக்குப் பழகிய கண்ணுக்கு அது ஏதோ கோளாறு போலப் படுகிறது. முன் சஸ்பென்ஷனை மூன்று நான்கு சென்டிமீட்டர் உயர்த்தி வண்டியைச் சமமாக்கித் தரும் ‘லெவலிங் கிட்’ வியாபாரம் முழுக்க இந்தக் கண்ணை நம்பித்தான் நடக்கிறது. சிங்கப்பூரில் பத்து ஆண்டுகளைக் கடந்து, வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டப்படும் ஹைலக்ஸ், நவாரா, டி-மேக்ஸ் வண்டிகளின் உரிமையாளர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. சான்றிதழுக்கே பெருந்தொகை போட்ட பிறகு வண்டி கொஞ்சம் மிடுக்காக நிற்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது? ஆனால் இந்த வேலையைச் செய்யும் வழிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலோர் கோளாறு அல்லாத ஒன்றைச் சரிசெய்யப் பணம் கொடுத்துவிட்டு, உண்மையான கோளாற்றை அப்படியே விட்டுவிடுகிறார்கள் என்பது தெரியவரும்.

அந்தச் சரிவு தொழிற்சாலையில் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. பின்னால் இருக்கும் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் சரக்கைத் தாங்கப் போட்டவை. எடை ஏறியதும் அவை தாழ்ந்து, வண்டி சமநிலைக்கு வரும். சிங்கப்பூரில் பிக்கப் சரக்கு வாகனமாகவே பதிவாகிறது. பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் விடியற்காலை காய்கறி ஏற்றிக்கொண்டு தேக்கா நிலையத்துக்கு வரும் வண்டியோ, ஜாலான் புசார் கடைகளிலிருந்து குழாயும் சிமெண்டும் சுமந்து போகும் குத்தகைக்காரரின் வண்டியோ, தன் நாளின் முக்கியமான பொழுதைப் பாரத்தோடுதான் கழிக்கிறது. வெறுமையாக நிற்கும்போது சமமாக இருக்கும்படி அதை மாற்றினால், வேலை செய்யும்போது அது மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டு போகும். எந்த நிலைக்காக அளவு எடுக்க வேண்டும் என்ற கேள்வியைக் கேட்காமல் கிட்டின் விலையை மட்டும் கேட்பவர்களே அதிகம்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. பழைய வண்டியின் முன்பக்கம் தொழிற்சாலை வைத்த அளவையும் தாண்டித் தாழ்ந்திருக்குமே? இருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்த ஸ்பிரிங் தளரும். ஓட்டுநர் பக்கம் கூடுதலாகவே தளரும். அதனால்தான் முதல் கருவி அளவு நாடாவாக இருக்க வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து, வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்களோடு ஒப்பிட வேண்டும். பிறகு வழக்கமான பாரத்தை ஏற்றி இன்னொரு முறை அளக்க வேண்டும். இடமும் வலமும் வேறுபட்டாலோ, முன்பக்கம் கையேட்டின் அளவுக்குக் கீழே இருந்தாலோ அது தளர்ச்சி. அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். நான்கும் சரியாக இருந்தால் அது வடிவமைப்பு. அதில் கைவைக்கத் தேவையில்லை. இந்த அளவை எடுக்காமலே கிட்டை விற்க முனையும் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவது நல்லது.

உயர்த்தும் வழி வண்டியைப் பொறுத்தது. முதல் தலைமுறை ஈசூஸு டி-மேக்ஸ் வண்டிகள் பலவற்றிலும், தீவெங்கும் ஓடும் டொயோட்டா ஹையேஸ் வேனிலும் முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது. டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பிதான் எடையைத் தாங்குகிறது. கம்பியின் பின் முனையில் உள்ள போல்ட்டை முறுக்கினால் முன்பக்கம் உயரும். உதிரிபாகச் செலவு இல்லை, அரை மணி நேர வேலை. கவர்ச்சியான வழிதான். ஆனால் போல்ட்டை முறுக்குவதால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடுகிறது என்று பலர் சொல்வது தவறு. கம்பியின் விறைப்பு அதன் தடிப்பையும் நீளத்தையும் உலோகத்தையும் பொறுத்தது. போல்ட் மாற்றுவது அது எந்த உயரத்திலிருந்து வேலையைத் தொடங்குகிறது என்பதை மட்டுமே. பிறகு ஏன் வண்டி குலுக்குகிறது? சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடம் குறைந்துவிடுகிறது. சாலைப் பள்ளத்தில் சக்கரம் இறங்க முயலும்போதே சஸ்பென்ஷன் கை தன் எல்லையில் போய் முட்டுகிறது. அந்த ‘டக்’ என்ற மோதல்தான் குலுக்கலாக உணரப்படுகிறது. ஆகவே தளர்ந்த கம்பியைக் கையேட்டின் உயரத்துக்குத் திரும்பக் கொண்டுவர இந்த போல்ட் அருமையான ஏற்பாடு. அதற்கு மேல் ஒவ்வொரு சுற்றும் கடன்.

2004ஆம் ஆண்டு தாய்லாந்தில் வெளிவந்த ஹைலக்ஸ் வீகோ முதலான வண்டிகளில் அப்சார்பரும் சுருள் ஸ்பிரிங்கும் ஒரே தொகுப்பாக முன்னால் நிற்கின்றன. அதன் தலைக்கு மேல் ஒரு உலோகத் துண்டை வைப்பதுதான் ‘ஸ்பேசர்’. மலிவானது, விளம்பரத்தில் எளிமையானது, ஆனால் இங்கே பார்க்கும் மூன்று வழிகளிலும் மோசமானது. தொகுப்பு சஸ்பென்ஷன் கையின் நுனியில் இல்லாமல் நடுப்பகுதியில் பொருத்தப்பட்டிருப்பதால், 20 மில்லிமீட்டர் துண்டு வைத்தால் சக்கரத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரம் கிடைக்கிறது. விற்பவர் இதை லாபமாகச் சொல்வார். அதே கணக்கில் சக்கரம் கீழ்நோக்கியும் கூடுதலாக இறங்குகிறது. பந்து மூட்டுகள் அவற்றுக்கு வகுத்த கோணத்தைத் தாண்டி வளைகின்றன. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியானால் அச்சின் சிவி மூட்டும் அதன் ரப்பர் உறையும் சேர்ந்து அடிவாங்கும். மேல்நோக்கிப் போகும்போது வேறு தொல்லை: தொகுப்பு நீண்டுவிட்டதால், ரப்பர் தடுப்பான் தாங்குவதற்கு முன்பே அப்சார்பர் தன் எல்லையில் முட்டிவிடலாம். இத்தனைக்கும் உள்ளே இருப்பது அதே தளர்ந்த பழைய ஸ்பிரிங். முதுகு வளைந்த முதியவருக்கு உயரமான செருப்பு வாங்கிக் கொடுத்தது போலத்தான் இது.

மூன்றாவது வழி புதிய ஸ்பிரிங்குகளை இரு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்றி, அப்சார்பர்கள், ரப்பர் புஷ்கள், தடுப்பான்கள் ஆகியவற்றையும் பழைய அளவிலேயே புதுப்பிப்பது. செலவு அதிகம். ஆனால் வேகத்தடைகளில் இடிக்கிறது, பிரேக் பிடித்தால் மூக்கு குத்துகிறது, திருப்பத்தில் சாய்கிறது என்று உரிமையாளர்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை தீர்வது இதில்தான். முன்பக்கம் தாழ்ந்திருப்பதை அந்தக் குறைகளுக்குக் காரணமாக நினைக்கிறோம். உண்மையில் அதுவும் அவற்றைப் போலத் தேய்மானத்தின் இன்னொரு விளைவு. எந்த வழியில் உயரம் மாறினாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். இல்லையென்றால் சில மாதங்களில் டயரின் ஒரு விளிம்பு மொட்டையாகிவிடும்.

முகப்பு விளக்குகளை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. வீகோவின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 3,085 மில்லிமீட்டர். முன்பக்கத்தை 40 மில்லிமீட்டர் உயர்த்தினால் வண்டி 1.3 விழுக்காடு மேல்நோக்கிச் சாய்கிறது. பத்து மீட்டர் தொலைவில் ஒளி 13 சென்டிமீட்டர் ஏறிவிடுகிறது. தாழ்நிலை ஒளி ஒரு விழுக்காடு கீழ்நோக்கி வைக்கப்பட்டிருந்தால், அந்தத் தாழ்வு முழுதும் அழிந்து, ஒளி எதிரே வருபவரின் கண்ணை நோக்கித் திரும்பும். டாஷ்போர்டில் உள்ள டயலைத் திருப்பி இறக்கிக்கொள்ளலாமே என்பார்கள். அந்த டயல் சரக்கு ஏற்றும்போது பயன்படுவதற்காகத் தரப்பட்டது. அதை வெற்று வண்டியிலேயே செலவழித்துவிட்டால் பாரம் ஏறியதும் திருப்ப எதுவும் மிஞ்சாது. விளக்கின் திருகைக் கொண்டே முறையாகச் சரிசெய்தால் இந்தக் குறை தீரும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஓட்டுநர் முன்னால் பார்க்கும் பார்வையை எந்தத் திருகும் சரிசெய்யாது. வண்டி பின் சக்கரத்தை மையமாக வைத்துச் சாய்வதால், ஓட்டுநரின் கண் ஏறுவதைவிட பானெட்டின் நுனி அதிகம் ஏறுகிறது. அதற்கு முன்னே மறையும் தரை சற்று நீளுகிறது. ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையின் கிளைத் தெருக்களில் மக்கள் நடைபாதையை விட்டு வழிந்து நடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிறு நீளத்தின் பொருள் புரியும்.

முன்பக்கத்தைத் தூக்காமல் பின்பக்கத்தை இறக்கினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அது இன்னும் விபரீதம். பழைய பிக்கப்புகள் பலவற்றில் பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள தொலைவை வைத்துப் பாரத்தைக் கணித்து, பின் பிரேக்கின் அழுத்தத்தைத் தீர்மானிக்கும் வால்வு இருக்கிறது. பின்பக்கம் இறங்கினால் அது வண்டியில் பாரம் இருப்பதாக நம்பிப் பின் சக்கரங்களுக்கு அழுத்தத்தைக் கூட்டும். மழையில் வெற்று வண்டியின் பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கும். அமெரிக்காவில் இந்த மோகம் முற்றி, மூக்கைத் தூக்கிப் பின்பக்கத்தைத் தாழ்த்தும் பாணியே உருவானது. முன் மட்கார்டு பின்னதைவிட நான்கு அங்குலமோ அதற்கு மேலோ உயரும்படி மாற்றுவதை வட கரோலினா மாநிலம் 2021 டிசம்பர் முதல் சட்டத்தால் தடுத்தது.

இங்கே அவ்வளவு தூரம் போக வாய்ப்பில்லை. நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை அனுமதி தேவையில்லாதவை, அனுமதி தேவைப்படுபவை, அறவே கூடாதவை என மூன்றாகப் பிரித்திருக்கிறது. பத்து ஆண்டு கடந்த சரக்கு வாகனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். அங்கே சக்கரத்தின் பக்க நழுவலும் விளக்கின் கோணமும் மூட்டுகளின் ஆட்டமும் பார்க்கப்படும். ஜொகூரில் மலிவாக முடித்துக்கொள்ளலாம் என்ற யோசனை பாலத்தைத் தாண்டி வந்ததும் இந்தப் பரிசோதனைத் தடத்தில்தான் வந்து நிற்கும். தவிர, விரைவுச்சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டர் வரம்பும் இருபது ஆண்டு ஆயுள் எல்லையும் உள்ள இலகுரக சரக்கு வாகனம், காட்டுப்பாதையே இல்லாத தீவில், கூடுதல் தரை இடைவெளியை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

தீர்ப்பு இதுதான். டார்ஷன் பார் வண்டியானால் போல்ட்டைத் திருப்பிக் கையேட்டின் உயரம் வரை கொண்டுவாருங்கள், அங்கேயே நிறுத்துங்கள். சுருள் ஸ்பிரிங் வண்டியானால் ஸ்பேசருக்கு ஒரு வெள்ளியும் தராமல், நிறுவனம் குறிப்பிட்ட அளவிலான புதிய ஸ்பிரிங்கும் அப்சார்பரும் போடுங்கள். அதற்கு மேல் உயர்த்த விருப்பம் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே ஆணையத்திடம் எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.