தேனீப் பிசின் வலை: யார் வாங்கலாம், எதற்கு வாங்கலாம்?

இத்தாலியத் தேனீப் பெட்டிகளில் சட்டங்கள் உட்காரும் இடமெல்லாம் பழுப்புப் பிசின் இறுகிக் கிடக்கும். புரொபோலிஸ் எனப்படும் இதைக் கத்தியால் சுரண்டினால் மரச்சிராயும் மெழுகும் பெயிண்டும் சேர்ந்தே வரும். கலப்பில்லாமல் எடுக்க உதவுவது பிளாஸ்டிக் பிசின் வலை.

அமைப்பு: வளையும் தட்டைப் பாய், தேனீ நுழைய முடியாத மெல்லிய பிளவுகள். சட்டங்களின் மேல் விரித்து, மூடியைச் சற்றுத் தூக்கி வைத்தேன். வெளிச்சமும் காற்றும் உள்ளே வந்ததும் தேனீக்கள் அடைக்கத் தொடங்கின. சுமார் 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த சந்து எதையும் பிசினால் மூடுவது அவற்றின் இயல்பு.

அறுவடை: நிறைந்த வலையை உறையிலிட்டு ஃப்ரீசரில் வைத்தேன். குளிர்ந்ததும் முறுக்கினால் பிசின் பொலபொலவென்று உதிர்கிறது. வெயில் நேரத்தில் பிரித்தால் கையில்தான் ஒட்டும்.

சரக்கின் மதிப்பு: மரங்கள் தம் மொட்டுகளைக் காக்கச் சுரக்கும் பிசினைத்தான் தேனீக்கள் சுமந்து வருகின்றன. ஐரோப்பாவின் பாப்ளர் மரப் பிசினில் பினோசெம்ப்ரின், கலாங்கின். பிரேசிலின் பச்சைப் புரொபோலிஸில் ஆர்ட்டெபிலின் சி. ஆய்வகத்தில் இது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களை நன்றாக அடக்குகிறது. கூடுதல் வெளிச்சவ்வு கொண்ட ஈ.கோலை போன்றவற்றிடம் வீரியம் குறைவு. செடி மாறினால் சரக்கும் மாறும். ஆகவே மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக்குக்கு இது மாற்றல்ல. சிலருக்குத் தோல் ஒவ்வாமையும் தரும்.

எனக்குப் பிடித்த பயன்பாடு: அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மார்லா ஸ்பிவாக் குழுவினர் இதே வலையைப் பெட்டியின் உட்சுவர்களில் பொருத்தினார்கள். தேனீக்கள் அதை நிரப்ப, காட்டு மரப்பொந்தில் இருப்பதுபோன்ற பிசின் பூச்சு உருவானது. அந்தப் பெட்டிகளில் தேனீக்களின் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் ஓய்வாகவே இருந்தன என்று 2015இல் வெளியான அவர்களின் ஆய்வு காட்டியது. கிருமியைப் பிசின் சுவரே தடுத்தால், எதிர்ப்புக்கெனச் செலவாகும் சத்து தேனீக்கு மிச்சமாகும். வழவழப்பாக இழைத்த பலகைப் பெட்டியில் நாம் பறித்துவிட்ட பாதுகாப்பு இது.

யாருக்கு வேண்டாம்: குமரி மாவட்டத்தில் பெருமளவு வளர்க்கப்படும் இந்தியத் தேனீ பிசின் சேர்ப்பதில்லை. அதை வளர்ப்பவர்களுக்கு வலை வீண் செலவு.

தீர்ப்பு: இத்தாலியத் தேனீ வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். பெட்டிக்கு இரண்டு வகையாக வாங்குங்கள்: மேலே விரிப்பது உங்கள் அறுவடைக்கு, சுவரில் பொருத்துவது தேனீக்களுக்கு. சுவர் வலையில் ஒருபோதும் கைவைக்காதீர்கள்.